குசினி இல்லாத தீவு

கரீபியன் கடலில் ஒரு தீவைத் தேர்ந்தெடுத்து, அந்தத் தீவில் ஒரு கடற்கரை ஹோட்டலையும் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு சில வாரங்கள் என் கையில் இருந்தது. இதைச் சொன்னால் கட்டுகஸ்தோட்டையில் யாரும் நம்பமாட்டார்கள். கண்டி பஸ்ஸில் ஏறி, காலியாகக் கிடக்கும் இத்தனை சீட்டுகளில் தவறாமல் வெயில் அடிக்கும் பக்கத்தைப் பார்த்து உட்காருகிறவன் என்றுதான் அங்கே என்னைத் தெரியும்.

பொறுப்பு என்னிடம் வந்ததற்குக் காரணம், நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறேன். மேற்கிந்தியத் தீவுகளை வருடா வருடம் நடத்துவேன். கரும்பு, வாழை, சூறாவளி என்ற வரிசையில். நாலு பக்கமும் மலை மறைக்கும் ஒரு வகுப்பறையில் நின்றுகொண்டு அந்தக் கடற்கரைகளை வெண்கட்டியால் வளைத்து வளைத்து வரைந்திருக்கிறேன். என் மனைவிக்கு அந்தத் தகுதி போதுமாக இருந்தது. “நீங்கதானே அதப் படிப்பிக்கிறீங்க” என்று போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

போனில் இருந்தது அவளுடைய அக்கா. கல்யாணமாகி டொரொன்டோ போய்ப் பல வருடங்கள் ஆனவர். நான் மதினி என்று கூப்பிடுவேன். அவர் என்னைத் தம்பி என்பார். வயதில் நான் மூத்தவன் என்பதை இருவரும் பேசிக்கொள்வதில்லை. அங்கே குளிர் தாங்க முடியாமல் போகும்போது ஆட்கள் ஒரு வாரம் இப்படியொரு தீவுக்குப் போய்விடுவார்களாம். முன்கூட்டியே கட்டிவிட்டால் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் பசித்தால் அதற்கும் சாப்பாடு, குடிவகை, கடல், கடலைப் பார்த்துச் சாய்ந்துகொள்ளக் கதிரை, எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். நாங்கள் இரண்டு பேரும் கண்டியிலிருந்து வரவேண்டும், அவர் டொரொன்டோவிலிருந்து வருவார். ஹோட்டலை மட்டும் நாங்களே பார்த்துச் சொல்ல வேண்டும்.

“நான் அங்க வரல தம்பி. நீங்களும் இங்க வர வேணாம்” என்றார். “பொதுவா ஒரு எடம் பாப்போம். அங்க யாரும் யாருக்கும் ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல. அவளும் விருந்தாளி, நானும் விருந்தாளி.”

விருந்தாளி என்ற சொல்லை அவர் சும்மா போடவில்லை. அது விளங்க வேண்டுமானால், அதற்கு முந்திய தடவை அவர் கண்டிக்கு வந்ததைச் சொல்ல வேண்டும்.

அந்த வருகைக்காக எங்கள் வீடு பட்ட பாடு கொஞ்சமல்ல. முன் ஹோலுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தோம். பெயின்ட், சமைக்கிற குசினியின் கதவோடு முடிந்துவிட்டது. வருகிறவர்கள் ஹோலைத்தான் பார்ப்பார்கள் என்பதால் அதை யாரும் குறையாக எடுக்கவில்லை. புதுக் கதிரைகள் வந்தன. கல்யாணத்துக்குக் கிடைத்து அலுமாரியிலேயே ஓய்வு பெற்றிருந்த பீங்கான் தட்டுகள் வெளியே வந்தன. போத்தல் தண்ணீர் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. நான் ஹோலில் சாரம் கட்டிக்கொண்டு நடமாடுவது தடை செய்யப்பட்டது. மதினி வந்து இறங்கியதும் அவரைப் புதுக் கதிரையில் உட்காரவைத்து, செவ்விளநீரைச் சீவி, குழாய் போட்டு, தட்டில் வைத்து, பக்கத்தில் கை துடைக்க ஒரு சேர்வியட்டை விசிறி மாதிரி மடித்து வைத்துக் கொடுத்தாள் என் மனைவி. அந்த விசிறி மடிப்பை எங்கே கற்றாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மதினி குசினிப் பக்கம் எழுந்து போனார். மனைவி முந்திப் போய்க் கதவைச் சாத்தி, “உள்ளுக்குப் புகையாக் கெடக்கு, நீங்க உட்காருங்கக்கா” என்றாள். பிறந்ததிலிருந்து நீ, வா, போ என்று பேசிய வாய் அது. சாப்பிட்ட தட்டைக் கழுவ மதினி எடுத்தால் கையிலிருந்து பிடுங்கினாள். அடுத்த நாளும் அப்படித்தான். கதவு சாத்தியே கிடந்தது.

அவர்கள் இரண்டு பேரையும் பற்றி நான் கல்யாணமான புதிதிலேயே கவனித்த ஒன்று உண்டு. கையில் வேலை இல்லாமல் அவர்களால் கதைக்க முடியாது. ஒருத்தி வெங்காயம் உரிப்பாள், ஒருத்தி தேங்காய் துருவுவாள், கதை தன்பாட்டில் நடக்கும். வெங்காயம் முடிந்தால் கதையும் நிற்கும். யாராவது ஒருத்தி கறிக்குத் தேவையே இல்லாமல் இன்னும் இரண்டு வெங்காயம் எடுத்து வருவாள். அப்படிப்பட்டவர்களைப் புதுக் கதிரைகளில் எதிரும் புதிருமாக உட்காரவைத்தால் எப்படி இருக்கும்? டொரொன்டோவில் குளிரா என்று கேட்டாள் தங்கை. குளிர் என்றார் அக்கா. கண்டியிலும் இப்போதெல்லாம் சூடு என்றேன் நான். அதற்கு மேல் மூன்று பேருக்கும் விஷயம் இருக்கவில்லை.

நெடுநாள் இருக்க வந்த மதினி, ஒரு காலை பெட்டியைக் கட்டிக்கொண்டு கண்டிக் குளத்துப் பக்கம் ஒரு ஹோட்டலுக்குப் போய்விட்டார். கோபமாகப் பேசவில்லை. “விருந்தாளின்னா ஹோட்டல்ல இருக்கிறதுதான் மொற” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போன் வரும். தங்கச்சி தன்னை வேண்டுமென்றே தள்ளி வைத்துவிட்டாள், வெளிநாட்டுக்காரி என்று கணக்குத் தீர்த்துவிட்டாள் என்பது அவர் எண்ணம். குசினிச் சுவரைக் காட்ட வெட்கப்பட்டுத்தான் கதவைச் சாத்தினாள் என்பது அவருக்குத் தெரியாது. சொல்லியிருக்கலாமே என்றால், வெட்கப்பட்டதைச் சொல்லவும் வெட்கமாக இருந்திருக்கிறது. என்னை இரண்டு பேருமே கேட்கவில்லை.

ஆகவே ஹோட்டல் வேலையை நான் விளையாட்டாக எடுக்க முடியாது. மனைவி அதை முதல் நாளே தெளிவாக்கிவிட்டாள். “பாத்து எடுங்க. இதுவும் சரி வரலன்னா, இனி நானும் அக்காவும் ஏதாவது செத்த வீட்டுலதான் பாத்துக்குவோம்.”

இப்படித்தான் நான் கரீபியன் கடற்கரையைப் படிக்கத் தொடங்கினேன்.

எல்லாம் அடங்கிய இடம் என்பது எங்கள் ஆட்களுக்குப் புதிதல்ல. மனைவியும் மதினியும் பிறந்தது ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். காம்பரா என்ற ஒற்றை அறை, அரிசி, மருந்து, கம்பளி, பள்ளிக்கூடம் எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே இருந்தன. வெளியே போக வேண்டிய தேவை யாருக்கும் வந்துவிடக்கூடாது என்பதில் துரைமார் கவனமாக இருந்தார்கள். இணையத்தில் ஒரு ஹோட்டல் தன்னைப் பற்றிக் கிட்டத்தட்ட இதையே பெருமையாக எழுதியிருந்தது. அந்தத் தீவுகளும் அப்படியொன்றும் அந்நியமில்லை. என் பூட்டனைத் தேயிலைக்காக இங்கே கொண்டுவந்த காலத்தில், வேறு ஆட்களைக் கரும்புக்காக அங்கே கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள். பூட்டன் பக்கத்து வரிசையில் நின்றிருந்தால், நான் இன்றைக்கு அந்த ஹோட்டலில் குளியல் துவாயை அன்னப் பறவையாக மடித்துக்கொண்டிருப்பேன். எனக்குத் துவாயைத் துவாயாகவே மடிக்க வராது என்பதால் அந்த வேலையும் நிலைத்திருக்காது.

பல நாள் வடிகட்டி மூன்று ஹோட்டல்களில் வந்து நின்றேன். படங்களைப் பார்த்துத் தேர்வதென்பது நடக்காத காரியம். எல்லாப் படத்திலும் ஒரே கடல், ஒரே தென்னை, ஒரே பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தென்னை எங்கள் வீட்டு வளவிலேயே இரண்டு நிற்கிறது. எனவே போய்வந்தவர்கள் எழுதிய குறைகளைப் படித்தேன். கடல் இரவில் சத்தம் போடுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். வெயில் எதிர்பார்த்ததைவிடக் கூட என்றார் இன்னொருவர். தினமும் இறால் போட்டதால் இறால் வெறுத்துவிட்டது என்று நீண்ட கடிதம் போல ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு, ஒரு நாள் முழுவதும் அந்த மனிதருக்காகக் கவலைப்பட முயன்றேன்.

முதலாவது ஹோட்டலில் நீச்சல் தடாகத்துக்குள்ளேயே மதுச்சாலை இருந்தது. ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மனைவி படத்தைப் பார்த்துவிட்டு, “ஆத்துத் தண்ணி ஏறினப்ப நம்ம ஆளுங்களும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாங்க. நிவாரணம் குடுத்தாங்க” என்றாள். அது கழிந்தது. இரண்டாவது, பெரியவர்களுக்கு மட்டும். பிள்ளைகளுக்கு அனுமதியில்லை, அமைதியாக இருக்கும் என்று நான் அதற்காகக் கொஞ்சம் வாதாடினேன். “பிள்ளைங்களே இல்லன்னா கடைக்கு யார அனுப்புறது?” என்று கேட்டாள். இரண்டாவதும் கழிந்தது. மூன்றாவது ஹோட்டலின் மேல் எனக்கே ஒரு பிரியம் விழுந்துவிட்டது. சின்ன வளைகுடா, மஞ்சள் சுவர், படத்தின் ஓரத்தில் யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு செருப்பு. செருப்பைத் தொலைக்கிற கடற்கரை என்றால் அது நம்பத் தகுந்த கடற்கரை. நாங்கள் திருகோணமலைக்கு வாடகை வான் பிடித்துப் போன ஒரே தடவை மூன்று செருப்புகளைத் தொலைத்திருக்கிறோம்.

மூன்றாவதிலும் ஒரு சிக்கல் இருந்தது. போய் இறங்கியதும் மணிக்கட்டில் ஒரு பட்டியைக் கட்டிவிடுவார்கள், திரும்பும்வரை கழற்றக்கூடாது என்று எழுதியிருந்தது. மனைவி இதை மிகவும் யோசித்தாள். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினவள் அவள். காப்புக் கட்டினால் எல்லை தாண்டக்கூடாது, கவுச்சி தொடக்கூடாது. அங்கே எல்லை தாண்டக்கூடாதா என்றாள். தாண்டலாம், ஆனால் யாரும் தாண்டுவதில்லை போலிருக்கிறது என்றேன். மீன்? மீன் மூன்று வேளையும் உண்டு. இது என்ன காப்பு என்று எழுந்து போய்விட்டாள்.

பயண ஏற்பாட்டுக்குக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் அலுவலகம் வைத்திருக்கும் மடவளை ஊர்க்காரர் ஒருவரிடம் போனேன். அவர் ஆட்களை மக்காவுக்கு, உம்ரா யாத்திரைக்கு அனுப்புகிறவர். நான் தீவின் பெயரைச் சொன்னதும் சுவரிலிருந்த உலகப் படத்தில் தேடத் தொடங்கினார். மக்காவிலிருந்து தொடங்கிக் கிழக்கே போனார். அவரைத் திருப்பி மேற்கே அனுப்பினேன்.

“உம்ராக்கெண்டா நாளைக்கே அனுப்பலாம் சேர். நாங்க அனுப்புறதும் சாப்பாடு, பஸ், தங்குற எடம், எல்லாம் சேத்துத்தான்” என்றார். “ஒங்களுக்குக் கடல்தானே வேணும்? நீர்கொழும்பு ஈக்கிது. திருகோணமல ஈக்கிது. இந்தக் கடல்ல அப்படி என்னதான் ஈக்கிது?”

மனைவியின் அக்கா இருப்பார் என்றேன். அவர் தலையாட்டினார். தேடிப் பார்த்து, தீவுக்குள் நுழைய எங்களுக்கு விசா வேண்டியதில்லை என்ற நல்ல செய்தியைச் சொன்னார். ஆனால் விமானம் மாற இறங்கும் நாடெல்லாம் விசா கேட்கும். தீவு எங்களை வரவேற்கத் தயார்; வழிதான் தயாரில்லை. வழியைப் பார்த்துச் சொல்கிறேன், நீங்கள் ஹோட்டலை முடிவெடுங்கள் என்று அனுப்பிவைத்தார். இரண்டு பேரும் கஷ்டமான பாதியை மற்றவருக்குக் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பிரிந்தோம்.

இந்தக் காலம் முழுவதும் மனைவி அக்காவிடம் கேட்காத ஒரு கேள்வியை என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள். அங்கே குசினிக்குள் விடுவார்களா? ஒரு மணித்தியாலம் போதும். சோறாக்கக் கூட வேண்டாம், உட்கார்ந்து எதையாவது வெட்டிக்கொண்டிருக்கலாம். அங்கே எல்லாவற்றையும் அவர்களே வெட்டிவிடுவார்கள், அதற்காகத்தான் அங்கே போவது என்று விளக்கினேன். அப்படியென்றால் அங்கே போயும் கதிரையில்தானே உட்கார்ந்திருக்க வேண்டும் என்றாள். சாய்கிற கதிரை என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் மறுபடியும் இணையத்துக்குத் திரும்பினேன். அறையில் அடுப்பு உள்ள ஹோட்டல் ஒன்றும் கிடைக்கவில்லை. ஓரிடத்தில் புதன்கிழமைகளில் சமையல் வகுப்பு இருந்தது. வெள்ளைத் தொப்பி தருவார்கள். இதை நான் மனைவியிடம் சொல்லவில்லை.

முடிவு சொல்ல வேண்டிய நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. சலுகை அன்றோடு முடிகிறது என்று மதினி வீடியோவில் வந்தார். அவருடைய அழைப்புகளை மனைவி எப்போதும் ஹோலில், வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்துதான் எடுப்பாள். அன்றைக்கு அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன். மூன்றாவது ஹோட்டலின் சிறப்புகளைச் சொன்னேன். செருப்பைப் பற்றியும் சொன்னேன். “அவ என்ன சொல்றா?” என்று கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்று போனைக் கையில் பிடித்தபடியே குசினிக்குள் போனேன். புவியியல் படித்தவன், நான் எங்கே நிற்கிறேன் என்பதை அப்போதாவது கவனித்திருக்கலாம்.

மனைவி திரும்பிப் பார்க்காமல் தாளிதத்தைக் கிண்டிக்கொண்டே, “குசினிக்குள்ள விடுவாங்களான்னு அந்த ஹோட்டல்காரங்கக்கிட்ட கேட்டீங்களா இல்லையா?” என்றாள்.

“குசினி எதுக்கு?” என்றது போன்.

மனைவி திரும்பினாள். என் கையிலிருந்த அக்காவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை விவரிக்க வேண்டாம்.

“சும்மாதான்க்கா.”

“எதுக்குடின்னு கேக்குறேன்.”

“அங்க போயும் கதிரையில மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா என்னத்தப் பேசுறது?”



“உட்கார வச்சது நீதானே” என்றார் மதினி. “கதவச் சாத்தி வச்சிட்டுப் போனது யாரு? நான் என்ன குசினியத் தின்னுட்டா போயிருப்பேன்?”

மனைவி கரண்டியால் சுவரைக் காட்டினாள். “அதக் காட்டுங்க அவளுக்கு” என்றாள் என்னிடம். காட்டினேன். எங்கள் குசினிச் சுவர் அடுப்புக்கு மேலே கூரைவரை கறுப்பு. நடுவில் எண்ணெய் வழிந்த இடங்கள் பளபளக்கும். கதவு நிலையில் வெள்ளைப் பெயின்ட் கோடு போட்டதுபோல நின்றுவிட்டதும் நன்றாகத் தெரிந்தது.

“பெயின்ட் கதவோட முடிஞ்சிருச்சு” என்றாள் மனைவி. “இந்தச் செவுத்துக்கு முன்னால ஒன்ன எப்படிக் கூட்டியாந்து உட்கார வைக்கிறது? அங்க கண்ணாடி கணக்காக் குசினி வச்சிருக்கிறவ.”

“இதுக்கா?”

“வேற எதுக்கு?”

மதினி முகத்தைப் போனுக்கு மிகக் கிட்டக் கொண்டுவந்து சுவரைப் பார்த்தார். ஒரு கண்ணும் பாதி மூக்கும் மட்டும் தெரிந்தன.

“நம்ம லயத்துக் குசினிய விட வெள்ளையாத்தான் இருக்கு” என்றார். பிறகு, “பருப்பு அடிபுடிக்குது பாரு.”

உண்மையில் பிடித்திருந்தது. இருவரும் அதன் பின் பருப்பைப் பற்றித் தொடங்கி எங்கெங்கோ போனார்கள். மனைவி வெங்காயக் கூடையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அங்கே மதினியும் எழுந்துபோய் எதையோ எடுத்து வந்து வெட்டத் தொடங்கிவிட்டார். போனைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை எனக்கு. கை வலித்ததும் அரிசித் தகரத்தில் சாய்த்து வைத்தேன். யாரும் கவனிக்கவில்லை. முடிவில் மதினிக்கு என் ஞாபகம் வந்து, “தம்பி, அந்த ஹோட்டல் வேலைய விட்டுருங்க. நான் அங்கயே வாறேன்” என்றார்.

மூன்றாவது ஹோட்டலுக்காக நான் கொஞ்ச நாள் மனம் வருந்தியதை இங்கே பதிவு செய்கிறேன். வேறு யாரும் வருந்தவில்லை. பாலத்தடிக்காரரிடம் போய்ச் சொன்னபோது அவர் அல்ஹம்துலில்லாஹ் என்று உரக்கவே சொல்லி, எனக்குத் தேநீர் வரவழைத்தார்.

மதினி வருவது உறுதியானதும் மனைவி செய்த முதல் வேலை, குசினிக்குப் பெயின்ட் வாங்க என்னை அனுப்பியது. நான் கடையில் வெள்ளையிலேயே இத்தனை வகையா என்று திகைத்துக்கொண்டிருந்தபோது டொரொன்டோவிலிருந்து அழைப்பு வந்தது. தங்கையைப் பிறந்ததிலிருந்து அறிந்தவர் அல்லவா. செவுத்துல ஒரு பொட்டு வெள்ள தெரிஞ்சாலும் நேரே குளத்துப் பக்கத்து ஹோட்டலுக்குத்தான் போவேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வெறுங்கையோடு திரும்பினேன். தேர்ந்தெடுக்கும் இன்னொரு வேலையும் என் கையைவிட்டுப் போனது.

அவர் தனியாகத்தான் வந்தார். செருப்பை வாசலில் விட்டார். புதுக் கதிரைகளை, அவை இப்போது அவ்வளவு புதிதல்ல, திரும்பியும் பார்க்காமல் ஹோலைக் கடந்து குசினிக்குள் போனார். பெட்டிகளை நான் தூக்கிவந்து பார்த்தால் அவர் கறுத்த சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நல்ல நீலச் சேலை. முதுகுப் பக்கம் இனி நீலமாக இருக்காது. மனைவி அதைப் பார்த்துவிட்டு இன்னொரு பூண்டை அவர் பக்கம் தள்ளினாள். நானும் ஓர் ஓரமாக உட்கார இடம் தேடினேன்.

“நீங்க போய் ஹோல்ல உட்காருங்க” என்றாள் மனைவி.

கதவு சாத்தப்பட்டது. புகைக்காகத்தான் என்றார்கள்.

ஹோலில் உட்கார்ந்தேன். உள்ளே இருவரும் ஒரே நேரத்தில் பேசுவதும், நடுநடுவே சிரிப்பதும், யாரைப் பற்றியோ குரலைத் தாழ்த்துவதும் கேட்டது. குரல் தாழ்ந்தபோதெல்லாம் அது நானாகத்தான் இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன். நான் ஓர் உதவிக்கு எழுந்தபோது மதினி கதவைக் கொஞ்சமாகத் திறந்து, தேவையில்லை தம்பி என்றார். கொஞ்ச நேரத்தில் மனைவி ஒரு தட்டோடு வந்தாள். செவ்விளநீர், குழாய், விசிறி மாதிரி மடித்த சேர்வியட். என் முன்னால் வைத்துவிட்டு, குசினிக்குத் திரும்பிப் போனாள்.

வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி குடித்தேன். எல்லாம் அடங்கியிருந்தது. மணிக்கட்டில் பட்டி மட்டும்தான் இல்லை.